இருபத்து நான்காவது குவியல்

நன்மங்கலம் காப்புக்காட்டில்
கற்குவியல்கள் இருபத்து மூன்று.
எண்ணியவள் நான்.
மூன்று நாள், ஒரு டேப், ஒரு ஜிபிஎஸ் கருவி,
சூரைமுள் கிழித்த இரண்டு துப்பட்டா.

முழங்கால் உயரம் சில, இடுப்பளவு சில.
ஒன்றின் உச்சியில் காரைச்செடி முளைத்துக்
காய்த்தும் இருந்தது.
ஒன்றின் இடுக்கில் பாம்புச் சட்டை;
வால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது.
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள்
காலை நீட்டிக்கொண்டு
எங்கள் தலைக்கு மேல் போயின.

படிவத்தில் ஒரு கட்டம்: 'யார் குவித்தது?'
ஒன்றரை அங்குலம்.
அதற்குள் அடங்க வேண்டும்.

ரெஜினா மேடம் தொல்லியல் படித்தவர்.
அலைபேசியில் படம் பார்த்து
மூச்சை இழுத்துப் பிடித்தார்.
"சுத்தி வட்டமா பெரிய கல் இருக்கா?
அடியில தாழி இருக்கலாம்.
ரெண்டாயிரம் வருஷம், மேலேயும் போகலாம்.
ஒரு கல்லைக்கூட நகர்த்திடாதீங்க."
அன்று மாலை குவியல்களருகே
செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
முள் குத்தியது. மறுபடி போட்டுக்கொண்டேன்.

வனக்காவலர் வேதகிரி சிரித்தார்.
"தாழியுமில்ல, குண்டானுமில்ல.
தைலமரம் நடக் குழி வெட்டினப்போ
பொறுக்கி ஓரமாப் போட்டது.
மஸ்டர் ரோலைப் புரட்டுங்க,
என் மச்சான் பேரே இருக்கும்."

மேடவாக்கம் கூட்ரோட்டில்
ஜூஸ் கடை வைத்திருக்கிறார் எங்கடேசலு.
குவாரியில் பதினாறு வருஷம் கல் உடைத்தவர்.
படத்தைப் பார்க்கவே இல்லை.
சாத்துக்குடியைப் பிழிந்தபடி கேட்டார்:
"நாலடிக்கு நாலடியா? ரெண்டடி உசரமா?"
ஆமாம், ஆறேழு அப்படித்தான்.
"அது எங்க கூலி.
அளந்தாத்தான் காசு.
நாளைக்கு அளக்க வர்றேன்னான் காண்டிராக்டு."
வடிகட்டியைத் தட்டினார்.
"ஐஸ் போடவா?"

திரும்பப் போய் அளந்தேன்.
மூவர் சொன்னதும் சரி.
மூவர் சொன்னதிலும் சேராதவை ஒன்பது.

பதுக்கை என்றொரு பழஞ்சொல் உண்டு.
சுரத்தில் விழுந்து கிடந்தவன் மேல்
இலை தழை போட்டு, கல்லும் போட்டு,
பேர் தெரியாமலே கடந்து போனார்கள்.
இப்போது பதுக்கல் என்றால்
ரேஷன் அரிசி.
ஒன்பதில் ஒன்று அப்படி இருக்கலாம்.
ஒன்று, வருவதாகச் சொன்னவன் வராமல் போக
நின்றவள் கைக்குக் கொடுத்த வேலையாக இருக்கலாம்.
மீதி ஏழுக்கு
எனக்குக் கற்பனை ஓடவில்லை, வெயில்.

இருபத்து மூன்று கட்டத்திலும்
'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து
வேறொரு துறையின் பட்டியல் சரிபார்ப்புக்கு வந்தது.
கற்குவியல்கள்: இருபத்து நான்கு.
கடைசியது தென்மேற்குச் சரிவில்.
உயரம் ஒன்றே முக்கால் அடி.
'மிகப் பழமையானது எனத் தோன்றுகிறது.'

படத்தைப் பெரிதாக்கினேன்.
உச்சியில் அந்தத் தட்டைக் கல்.
சரிவில் டிரைபாட் கால் நழுவ
நானும் ஜபருல்லாவும் முட்டுக்கொடுத்த கற்கள்,
எண்ணினால் நாற்பதுகூடத் தேறாது.
அந்தத் தட்டைக் கல்லின் மேல்தான்
எறும்புக்குப் பயந்து
எலுமிச்சைச் சாதத்தை வைத்தோம்.
ஒரு மழைக்காலம் அதற்குப் போதுமாயிருந்திருக்கிறது:
பாசி, சருகு,
நடுவில் சிலந்தி வலை,
யாரும் குவிக்காதது போன்ற ஒரு முகம்.

கட்டம் காலியாக இருந்தது.
முதன்முறையாக விடை தெரியும்.
'நாங்கள்' என்று எழுத
ஒன்றரை அங்குலம் தாராளம்.

எழுதுவதற்குமுன் ஜபருல்லாவைக் கூப்பிட்டேன்.
இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் இருக்கிறான்.
பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
நம் குவியல் பழங்காலத்துக்குப் போய்விட்டது என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான்,
"அந்த மூணு நாள் பேட்டா
வந்துச்சா?"